நடந்தா கெண்டைக்கால் வலி, கருத்த கட்டைவிரல்: உங்க கேள்விக்கு பதில்

அப்பா கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது, நின்னா ரெண்டு நிமிஷத்துல சரியாயிடுது, இப்ப கட்டைவிரல் நுனி கருத்திருக்கு, வயசானா இப்படித்தானான்னு கேட்டிருக்கீங்க. வயசு மேல மட்டும் பழி போடாதீங்க, சுகர் சிகரெட் ரெண்டும் இருக்குன்றீங்க, கால் ரத்தக்குழாய்ல அடைப்பான்னுதான் முதல்ல பாக்கணும்.

சும்மா உட்கார்ந்திருந்தா தசைக்கு கொஞ்சம் ரத்தமே போதும், நடக்கும்போது பல மடங்கு வேணும், அடைச்ச குழாயால அத குடுக்க முடியாது, தசை ஆக்சிஜன் பத்தாமலே ஓட்டப் பாக்கும், கழிவு சேந்து வலிக்கும். ரத்தம் இன்னும் கொறஞ்சா செல்லுல இருந்து சோடியத்த வெளிய தள்ளுற பம்புக்கே சக்தி இருக்காது, உப்பும் தண்ணியும் உள்ள புகுந்து செல் வீங்கி செத்துடும். மூளைன்னா சில நிமிஷம்தான் தாங்கும், ரத்தம் சுத்தமா நின்னாலும் கால் தசை சுமார் 6 மணி நேரம் தாக்குப்பிடிக்கும், ஆனா கருத்த விரல்ல ஏற்கனவே திசு செத்துட்டு இருக்கலாம்.

அதனால இன்னைக்கே வாஸ்குலர் சர்ஜன்கிட்ட (ரத்தக்குழாய் டாக்டர்) கூட்டிட்டுப் போங்க. கணுக்கால் பிபிய கை பிபியால வகுத்துப் பாப்பாங்க, 0.9க்கு கீழ வந்தா அடைப்பு. சுகர் உள்ளவங்களுக்கு குழாய் இறுகிப்போய் பொய்யா நார்மல் காட்டலாம், ரத்த ஓட்டத்த பாக்குற டாப்ளர் ஸ்கேனும் கேளுங்க.

வெந்நீர் ஒத்தடம் மட்டும் வேணவே வேணாம், எங்க மாமா அப்படி வெச்சு வந்த கொப்புளம் மாசக்கணக்கா ஆறல. கால் திடீர்னு வெளுத்து சில்லிட்டு மரத்துப்போனா அப்பாயின்ட்மென்ட்லாம் பாக்காம நேரா எமர்ஜென்சிக்கு போயிடுங்க.