பன்னிரண்டு கதவுகள், ஒரு வெள்ளைக் கோடு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் குடும்பத்தோடு ரோம் போய்வந்தோம். கொலோசியத்தைப் பார்த்த கண்ணுக்கு சர்க்கஸ் மாக்ஸிமஸ் என்ற பழைய தேர்ப் பந்தய மைதானம் பெரிய ஏமாற்றம். நீளமாக ஒரு புல்வெளிப் பள்ளம், ஒரு முனையில் கொஞ்சம் செங்கல் இடிபாடு, அவ்வளவுதான். பன்னிரண்டு தேர்கள் ஒரே நேரத்தில் புறப்படும் என்று வழிகாட்டி சொன்னார். உள்பக்கம் நிற்பவருக்குத் தூரம் குறையுமே, 400 மீட்டர் ஓட்டத்தில் செய்வதுபோல முன்னும் பின்னுமாக நிறுத்தினார்களா? சினிமாவில் வருவதுபோல சக்கரத்தில் கத்தி கட்டி ஓட்டியது உண்மையா? ஏன் அங்கே எதுவுமே மிஞ்சவில்லை?

ஆர்.கே., மதுரை

அன்புள்ள ஆர்.கே.,

உங்கள் முதல் கேள்விக்கு விடை தேடித்தான் ரோமானியர் அந்த மைதானத்தின் வடிவத்தையே அமைத்தார்கள். ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

400 மீட்டரில் முன்பின்னாக நிறுத்துவது செல்லுபடியாவதற்குக் காரணம், ஓடுபவர் கடைசிவரை தன் தடத்தைவிட்டு விலகக் கூடாது என்ற விதி. தேர்ப் பந்தயம் ஏழு சுற்று, ஏறத்தாழ 5 கிலோமீட்டர். நான்கு குதிரை பூட்டிய தேரை அவ்வளவு தூரமும் ஒரே தடத்தில் ஓட்டச் சொன்னால் நடக்காது, எல்லோரும் உள்பக்கத்துக்குத்தான் பாய்வார்கள். எனவே, பாயத் தொடங்கும் இடம்வரைக்கும் உள்ள தூரத்தை மட்டும் சமமாக்கினால் போதும் என்று முடிவுசெய்தார்கள்.

மைதானத்தின் நடுவே நீளவாக்கில் ஒரு தடுப்புச் சுவர். ஓட்டம் இடஞ்சுழியாக, அதாவது சுவர் எப்போதும் தேரோட்டியின் இடக்கைப் பக்கம். புறப்பாட்டு முனையில், நடுவே ஒரு பெரிய வாசல், அதற்கு இருபுறமும் ஆறாறாகப் பன்னிரண்டு கொட்டில்கள். இவை நேர்வரிசையில் இல்லை, வில்போல வளைந்த வரிசையில் இருக்கும். அந்த வில்லின் மையப்புள்ளி மைதானத்தின் நடுக்கோட்டில் விழாது. வலப்பக்க ஓடுபாதையின் தொடக்கத்தில், சுவரின் முதல் முனைக்கும் வலப்புறப் பார்வையாளர் மேடைக்கும் இடையில் விழும். அதனால் எந்தக் கொட்டிலிலிருந்து வந்தாலும் அந்த இடத்துக்கு ஒரே தூரம். அங்கே குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு. கோட்டைத் தாண்டும்வரை அவரவர் தடம், தாண்டியபின் யாரும் எங்கும் வெட்டலாம். தூரம் சமமானாலும் கோணம் சமமில்லையே! இடது ஓரத்தவர் மைதானத்தைக் குறுக்காகக் கடந்து வரவேண்டும். அதற்காகத்தான் கொட்டிலை யாருக்கு எது என்று குலுக்கிப் போட்டார்கள்.

இதைக் கல்லில் பார்க்க சர்க்கஸ் மாக்ஸிமஸ் உதவாது. அப்பியா என்ற பழைய ரோமானிய நெடுஞ்சாலையில் இருக்கும், பேரரசர் மாக்ஸென்டியுஸின் பந்தய மைதானத்துக்குப் போக வேண்டும். கி.பி. 309க்கும் 312க்கும் இடையே கட்டியது, சுமார் அரை கிலோமீட்டர் நீளம். அதன் தரைப்படத்தைப் பார்த்தால் கொத்தனாருக்குக் கை கோணிவிட்டது என்றே தோன்றும். நடுச்சுவர் பக்கச் சுவர்களுக்கு இணையாக இல்லாமல் சாய்ந்து கிடக்கிறது. வேண்டுமென்றே செய்த கோணல் அது. பன்னிரண்டு தேர்களும் நெருக்கியடித்து நுழையும் இடத்தில் பாதை அகலமாக இருக்க வேண்டும். தேர்கள் பிரிந்து நீண்டபின் அவ்வளவு அகலம் தேவையில்லை.

போட்டியை நடத்தும் அதிகாரி வெள்ளைத் துணியைக் கீழே போட்டதும் எல்லாக் கதவுகளும் ஒரே இழுப்பில் திறந்துகொள்ளும். புறப்பாடு சரியில்லை என்றால் பார்வையாளர் மேலாடையை வீசிக் கூச்சலிட்டு மறுஓட்டம் கேட்டதும் உண்டு.

கிரேக்கர்கள் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தார்கள். பழைய ஒலிம்பிக் போட்டிகள் நடந்த ஒலிம்பியாவில் கொட்டில்கள் கப்பலின் முகப்புபோல நடுவில் கூர்ந்து நின்றன. ஒவ்வொரு பக்கமும் 400 அடிக்கு மேல். பின்னால் கிடக்கும் இரு ஓரக் கொட்டில்களின் கயிறு முதலில் விழும். அந்தத் தேர்கள் ஓடிவந்து அடுத்த வரிசைக்குச் சமமானதும் அடுத்த கயிறு. இப்படியே எல்லோரும் முகப்பின் நுனியில் ஒரே வரிசைக்கு வந்துவிடுவார்கள். இந்த அமைப்பை உருவாக்கியவர் கிளியோட்டாஸ். ரோமானியர் தூரத்தால் செய்ததை இவர்கள் நேரத்தால் செய்தார்கள். எனக்கு ரோமானிய முறைதான் மேலாகத் தெரிகிறது. கயிறு விழும் நேரத்தில் ஒரு கணம் பிசகினால் ஒலிம்பியாவில் எல்லாம் போயிற்று, வளைந்த சுவர் ஒருபோதும் பிசகாது.

முதல் கோட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், கி.பி. 146ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று கணக்கோடு விடை சொல்கிறது. டியோக்ளெஸ் என்ற தேரோட்டி 24 ஆண்டுகளில் 4,257 பந்தயம் ஓடி 1,462 வென்றான். அதில் 815 வெற்றி ஆரம்பத்திலேயே முன்னிலை பிடித்து வந்தவை. கடைசி நேரத்தில் பறித்தவை 502. பின்னாலிருந்து ஏறி வந்து வென்றவை 67தான்.

அடுத்த ஆபத்து திருப்பம். நான்கு குதிரைகளில் நடு இரண்டுக்குத்தான் நுகம். ஓரத்து இரண்டும் வாரால் மட்டும் இணைக்கப்பட்டவை. இடது ஓரக் குதிரைதான் திருப்பத்தில் அச்சாணி. அது பயந்து விலகினால் தேர் அகலமாகச் சுற்றும், உடனே ஒருவன் உள்ளே புகுந்துவிடுவான். மிக ஒட்டித் திரும்பினால் சக்கரம் சுவர் முனையின் கல்மேடையில் மோதும். தேர் கனமில்லாதது, உடனே நொறுங்கும். கிரேக்க ஓட்டி வார்களைக் கையில் பிடித்தான், ரோமானியன் இடுப்பில் சுற்றிக் கட்டினான். உடலைச் சாய்த்தே நான்கு குதிரைகளையும் இழுக்கலாம், சாட்டைக்குக் கை மிஞ்சும். ஆனால் தேர் கவிழ்ந்தால் குதிரைகள் அவனைத் தரையோடு இழுத்துக்கொண்டு ஓடும்.

உங்கள் கத்தி விஷயம் இங்கேதான் வருகிறது. ரோமானியப் பந்தயத் தேரின் சக்கரத்தில் கத்தி இருந்ததற்குச் சான்று கிடையாது. பாரசீகப் போர்த்தேர்களில் இருந்தது. பந்தயத் தேரோட்டியின் கத்தி அவன் உடம்பில் செருகியிருந்தது, கவிழ்ந்ததும் வாரை அறுத்துக்கொள்ள.

ஏன் எதுவும் மிஞ்சவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சர்க்கஸ் மாக்ஸிமஸ் இருந்த இடம் பாலடைன், அவென்டைன் என்ற இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஓடை பாய்ந்த பள்ளத்தாக்கு. இருக்கைகள் நெடுங்காலம் பெரும்பாலும் மரம். கி.பி. 64இல் நகரை எரித்த தீ இந்த மைதானத்தை ஒட்டிய கடைகளில்தான் பிடித்தது. கல்லும் பளிங்குமாகப் பெரிதாக்கிப் பேரரசர் டிராஜன் 103இல் முடித்தார். கடைசியாகத் தெரியவரும் பந்தயம் 549இல், கோத்திய மன்னன் டோட்டிலா நடத்தியது. அதன்பின் பராமரிக்க ஆளில்லை. வெட்டிய கல்லை ஊரார் கொண்டுபோனார்கள், ஓடை வண்டலைக் கொண்டுவந்து கொட்டியது. ஓடுபாதை இப்போது பல மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அதன்மேல் எரிவாயு ஆலைகூட நின்றது.

நீங்கள் பார்த்த செங்கல் இடிபாடு வளைந்த முனையின் இருக்கைகளைத் தாங்கிய பகுதி. நடுச்சுவரில் நின்ற இரண்டு எகிப்தியத் தூபிகள் (உயரமான ஒற்றைக்கல் தூண்கள்) ரோமில்தான் இருக்கின்றன. பேரரசர் அகஸ்டஸ் கொண்டுவந்தது பியாட்ஸா டெல் போபோலோ சதுக்கத்தில், பேரரசர் கான்ஸ்டான்ஷியஸ் 357இல் நிறுத்தியது லாத்தரான் தேவாலயத்துக்குப் பக்கத்தில். மாக்ஸென்டியுஸ் மைதானத்தின் தூபி பியாட்ஸா நவோனா சதுக்கத்தில், சிற்பி பெர்னினியின் நீரூற்றின் மேல். அடுத்த முறை அப்பியா சாலைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். கொட்டில் வரிசையின் இரு கோபுரங்களுக்கும் நடுவில் நின்று சுவரின் சாய்வைப் பாருங்கள். பார்வையாளர் மேடையின் உடைந்த வளைவுகளில் மண்சாடிகள் பதிந்திருக்கும். கட்டுமானத்தின் எடையைக் குறைக்க வைத்தவை அவை.