ஹஸ்கார்லுக்கு அம்பு பயமில்லை, குதிரைதான் பயம்

கேள்வி: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினிப் போர் விளையாட்டில் கோத்ஸ் இனத்தை எடுத்து ஆடுகிறேன். அரசரின் மெய்க்காவல் படை என்று படித்ததால் இருக்கிற தங்கத்தை எல்லாம் அவர்களின் காலாட்படையான ஹஸ்கார்லில்தான் போடுகிறேன். எதிரியின் குதிரை வீரர்களான நைட்கள் வந்து மொத்தமாகத் துடைத்துவிட்டுப் போகிறார்கள். ரேட்டிங் 850-ஐத் தாண்டவில்லை. பணம் கொடுத்தால் 1400-க்கு ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: முதலில் அந்த ஆளை பிளாக் செய்யுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

மெய்க்காவல் படை என்ற பெயர்தான் உங்களைக் கவிழ்த்திருக்கிறது. ஹஸ்கார்ல் என்றால் பழைய நார்ஸ் மொழியில் வீட்டு ஆள். இங்கிலாந்தை ஆண்ட கனூட் மன்னரிடம் இருந்தார்கள். 1066-ல் ஹேஸ்டிங்ஸ் போரில் இங்கிலாந்து மன்னர் ஹரோல்டைச் சுற்றி நின்று செத்தார்கள். ரோமைச் சூறையாடிய கோத்களுக்கும் இவர்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, நடுவே அறுநூறு வருடம். அவர்களுக்குப் பேர் வாங்கித் தந்தது இரண்டு கையாலும் வீசும் கோடாரி. அதை வீசும்போது கேடயம் பிடிக்கக் கை ஏது? விளையாட்டிலோ கையில் கேடயத்தைக் கொடுத்து, அம்பு துளைக்காத ஆளாக்கிவிட்டார்கள். சரி, விளையாட்டுதானே.

ஆக, உங்கள் ஹஸ்கார்ல் காவல்காரனும் இல்லை, சகலகலா வல்லவனும் இல்லை. வில்லாளிகளை வெட்டப் போகிற ஆள், அவ்வளவுதான். கவசம் இங்கே இரண்டு வகை: அம்புக்கு ஒன்று, கைகலப்புக்கு ஒன்று. ஆட்டத்தின் மூன்றாம் கட்டமான காஸில் ஏஜில் ஹஸ்கார்லுக்கு அம்புக் கவசம் 6. கைகலப்புக் கவசம் பூஜ்யம். மேம்பாடு எதுவும் செய்யாத கிராஸ்போ வில்லாளி அடித்தால் ஓர் அம்புக்கு உயிரில் ஒரே ஒரு புள்ளிதான் குறையும். 60 உயிரைக் கரைக்க 60 அம்பு வேண்டும். அதே ஹஸ்கார்லை ஒரு நைட் ஆறே வெட்டில் முடித்துவிடுவான். பதிலுக்கு நைட்டைச் சாய்க்க உங்கள் ஆள் 13 முறை வெட்ட வேண்டும். தங்கம் எங்கே போகிறது என்று இப்போது புரிகிறதா?

நைட்டுக்கு மருந்து ஈட்டிக்காரன். பேரக்ஸ் என்ற படைவீட்டில் வருகிறான், தங்கமே கேட்கமாட்டான். உணவும் மரமும் போதும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் மறக்காதீர்கள், ஏனென்றால் எல்லோரும் இதில்தான் விழுகிறார்கள். மேங்கனல் என்ற கல்லெறி பொறி எறியும் கல் தூரத்திலிருந்து பறந்து வருவதால் அதையும் அம்புக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். விளையாட்டு அப்படிச் சேர்ப்பதில்லை. அந்தக் கல் கைகலப்பு அடி. கோட்டையின் அம்பைத் துச்சமாக நினைத்துக் கும்பலாக ஓடுகிற ஹஸ்கார்ல்கள் மேல் இரண்டு கல் விழுந்தால் கும்பலே காலி. அதன் உச்ச வடிவமான சீஜ் ஆனேஜர் என்றால் ஒரே கல். மேம்படுத்திய எலீட் ஹஸ்கார்லின் 70 உயிரும் அதிலேயே போய்விடும். கல் கிளம்பியதும் படையை இரண்டாகப் பிரித்து ஓட்டுங்கள். இதை விளையாட்டுக்குள் யாராவது முகத்துக்கு நேரே சொல்கிறார்களா? இல்லை. பேட்ச் குறிப்பில் எண்களை மாற்றி எங்கோ ஒரு மூலையில் புதைப்பார்கள், தோற்றபிறகுதான் நமக்குத் தெரியவரும்.

அந்த 1400 ஆசாமிக்கு வருகிறேன். நேற்று வந்தவனையும் பத்து வருடம் ஆடியவனையும் முதல் ஆட்டத்தில் ஒரே 1000 புள்ளியில் உட்கார வைக்கிற முறை இது. அந்த எரிச்சலில்தான் இவர்களுக்கு வியாபாரம் நடக்கிறது. என்னிடம் கற்க வந்த ஒரு பையன் இப்படித்தான் பாஸ்வேர்டைக் கொடுத்தான். புள்ளி ஏறியது உண்மை. அதற்குப் பிறகு அவனோடு மோதியவர்கள் எல்லோரும் அந்தப் புள்ளிக்கு உரியவர்கள். இவன் மட்டும் பழைய ஆள். இரண்டு வாரம் தொடர்ந்து அடி வாங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தான். கணக்கை இன்னொருவரிடம் கொடுப்பதே விளையாட்டு விற்கும் தளமான ஸ்டீமின் விதிக்கு விரோதம், கணக்கு போனால் வாங்கிய மற்ற விளையாட்டுகளும் சேர்ந்து போகும். பாதி விலைக்கு விளையாட்டைத் திறக்கும் கீ தருகிறேன் என்பவரும் இதே ஜாதகம்தான்.

அடுத்த ஆட்டத்தில் வேவு பார்க்கும் ஸ்கவுட் குதிரையை எதிரி ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டுங்கள். வில்லாளிகள் வரும் ஆர்ச்சரி ரேஞ்ச் இரண்டு கண்ணில் பட்டால் ஹஸ்கார்ல். குதிரைப்படை வரும் ஸ்டேபிள் இரண்டு என்றால் ஈட்டி.