இருட்டியதும் வரும் படபடப்பு

நீங்கள் இருக்கும் குளிர் நாட்டில் நவம்பர் வந்தாலே காலையில் எழ மனசு வருவதில்லை, நாலு மணிக்கு இருட்டியதும் நெஞ்சு படபடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இது சோம்பேறித்தனம் இல்லைங்க. பருவகால மனச்சோர்வு என்று 1984-லேயே மருத்துவர்கள் விவரித்திருக்கிறார்கள். காலை வெளிச்சம் குறைந்தால் உடம்பின் கடிகாரம் பிந்திவிடும் என்பது ஒரு விளக்கம்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. கைகொடுத்தது 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தரும் பிரகாசமான விளக்கு. எழுந்ததும் அதன் முன் அரை மணி நேரம். உற்றுப் பார்க்க வேண்டாம், பக்கவாட்டில் வைத்துவிட்டு ஏதாவது படியுங்கள். கண் நோயோ, இருதுருவக் கோளாறோ (அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மேகம் மூடிய பகல்கூட வீட்டு விளக்கைவிடப் பிரகாசம், அதனால் மதியம் கொஞ்சம் நடங்கள். படபடப்பு வந்தால் மூச்சை நீளமாக, மெதுவாக விடுங்கள்.

இரண்டு வாரமாகியும் சோர்வு விடாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அன்றைக்கே போங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.