கார் இல்லாத கார் ஷெட்: பைக் ரிப்பேர் கேள்வி பதில்

என் வீட்டில் கார் ஷெட் இருக்கிறது, கார் இல்லை. அந்த இடத்தில் ஒரு 2001 ஸ்பிளெண்டர், ஒரு 1993 ஆர்எக்ஸ் 100, அப்பா விட்டுப்போன பழைய புல்லட் ஒன்று, மூன்றும் நிற்கின்றன. நான் மெக்கானிக் கிடையாது. இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமை ஆனால் கையைக் கருப்பாக்கிக்கொள்கிறவன், அவ்வளவுதான். "என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று சொல்லியிருந்தேன், நிறையவே கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

திண்டுக்கல், கல்லூரி மாணவர்: அண்ணா, வீட்டிலேயே சர்வீஸ் பழக ஆசை. ஆன்லைனில் நூற்றுச் சொச்சம் பீஸ் டூல் செட் ஒன்று பார்த்தேன், வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. அதில் பாதி உங்கள் வண்டியில் எங்கேயுமே பொருந்தாது, மீதிப் பாதிக்கு ரெண்டு மாதத்தில் வாய் அகன்றுவிடும். 8, 10, 12, 14, 17 சைஸில் நல்ல ரிங் ஸ்பேனர், 10க்கும் 12க்கும் ஒரு டி ஸ்பேனர், வண்டியோடு வந்த பிளக் ஸ்பேனர், ஒரு கட்டிங் பிளேயர், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் ஒன்று போதும். ஸ்குரூ டிரைவரில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஜப்பான் வம்ச வண்டிகளில் கார்புரேட்டர் ஸ்குரூ பார்ப்பதற்குச் சாதாரண ஸ்டார் மாதிரியே இருக்கும், ஆனால் அது ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர வகை. தலையில் சின்னதாக ஒரு புள்ளி இருந்தால் அதுதான் அடையாளம். சாதாரண ஸ்டார் டிரைவர் அதில் முழுசாக உட்காராமல் மேலேறி வழுக்கும், ரெண்டாவது திருப்பிலேயே தலை வட்டமாகிவிடும், அப்புறம் உளியும் சுத்தியலும்தான்.

காசில்லாமல் ஒரு கருவி செய்துகொள்ளுங்கள். பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் ரெண்டு ஒயர் சாலிடர் வைத்து, முனையில் கிளிப் போட்டால் டெஸ்ட் லாம்ப் ரெடி. துருப்பிடித்த கனெக்டரில்கூட மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் அது கரண்டே எடுப்பதில்லை. பல்பு கரண்ட் எடுக்கும், அதனால் அதே இடத்தில் மங்கிப்போய் உண்மையைச் சொல்லிவிடும். எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டியில் இசியூ என்ற கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போகும் ஒயர்களில் மட்டும் இதை வைக்காதீர்கள்.

தஞ்சாவூர்: ஸ்பிளெண்டரில் டாப்பெட் சத்தம். மெக்கானிக் ஒவ்வொரு சர்வீஸிலும் டைட் வைக்கிறார், சத்தம் போய்விடுகிறது. ஆனால் இப்போது காலையில் ஸ்டார்ட் ஆக இருபது உதை கேட்கிறது. ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

நிச்சயமாக உண்டு. சத்தம் போடுகிற டாப்பெட்டைப் பார்த்து எனக்குப் பயமில்லை, சத்தமே போடாத டாப்பெட்டைப் பார்த்தால்தான் பயம். வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே இடைவெளியே இல்லாமல் டைட் வைத்தால் வால்வு முழுசாக மூடாது. கம்ப்ரஷன் கசியும், அதனால்தான் காலையில் அடம் பிடிக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வின் நிலைமை இன்னும் மோசம். அது தன் சூட்டை இறக்குவதே சீட்டில் உட்காரும் அந்த நேரத்தில்தான். உட்கார விடாவிட்டால் விளிம்பு கருகிப்போகும், அப்புறம் ஹெட்டைக் கழற்றும் செலவு.

நீங்களே செய்யலாம். என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், ராத்திரி முழுக்க நின்ற வண்டி என்றால் நல்லது. இடது பக்க மேக்னெட் கவரில் ரெண்டு மூடி இருக்கும். பெரியதைத் திறந்தால் கிராங்க்கைத் திருப்பும் நட்டு, சின்னதைத் திறந்தால் மேக்னெட்டின் குறி தெரியும். பிளக்கையும் ஹெட்டில் உள்ள டாப்பெட் மூடிகளையும் கழற்றிவிட்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் மெதுவாகத் திருப்பி, 'டி' குறியைக் கவரில் உள்ள வெட்டுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். இப்போது ரெண்டு ராக்கரும் விரலால் ஆட்டினால் லேசாக ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் நீங்கள் நிற்பது தப்பான ஸ்ட்ரோக்கில், இன்னும் ஒரு முழுச் சுற்று திருப்புங்கள். இதைப் பார்க்காமல் அட்ஜஸ்ட் செய்துவிட்டு "அளவு சரியாகத்தான் வைத்தேன்" என்று அழுதவர்களில் நானும் ஒருவன்.

என் பழைய ஸ்பிளெண்டருக்கு ரெண்டு வால்வுக்கும் 0.05 மி.மீ. உங்கள் மாடலுக்கு மேனுவல் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. ஃபீலர் கேஜ் தகடு உள்ளே போய் இழுக்கும்போது, புத்தகத்துக்கு நடுவிலிருந்து காகிதத்தை உருவுவது மாதிரி லேசாகப் பிடிக்க வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது அட்ஜஸ்டரும் கூடவே கொஞ்சம் சுற்றிக்கொள்ளும், ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள்.

கோவை: நல்ல கார் ஆயில் மிச்சம் இருந்தது, வீணாக்குவானேன் என்று பைக்கில் ஊற்றினேன். டாப் கியரில் என்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை.

கிளட்ச் வழுக்குகிறது. பைக்கில் கிளட்ச் தட்டுகள் என்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கின்றன. மைலேஜுக்காகக் கார் ஆயிலில் வழுவழுப்புச் சரக்கு சேர்ப்பார்கள், தட்டுகளுக்கு அது ஆகாது. டப்பாவில் ஜேஏஎஸ்ஓ (JASO) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்கி மாற்றுங்கள். தட்டு கருகாமல் இருந்தால் தானாகச் சரியாகிவிடும்.

வேளச்சேரி: மழை வெள்ளத்தில் வண்டி சீட் வரை மூழ்கிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

கையையும் வைக்காதீர்கள், காலையும் வைக்காதீர்கள். 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் வெள்ளத்தில் தப்பிய என்ஜின்கள் பல, அடுத்த நாள் செல்ஃப் பட்டனை அழுத்தியதில் போயின. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் மேலே வரும்போது அது காற்று மாதிரி சுருங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

முதலில் பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். அப்புறம் பிளக்கைக் கழற்றிவிட்டு கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள், தண்ணீர் இருந்தால் பிளக் ஓட்டை வழியாகப் பீச்சும், முகத்தைக் காட்டாதீர்கள். ஆயிலை இறக்கிப் பாருங்கள். டீக்கடைப் பால் காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஏர் ஃபில்டர் காகிதம் என்றால் தூக்கிப் போடுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தையும் டேங்கையும் முழுசாக வடியுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். உள்ளே போன தண்ணீர் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் தங்கும், அந்தக் கலவையில் எந்த என்ஜினும் ஓடாது. பிறகு மலிவான ஆயில் ஊற்றி அஞ்சு நிமிடம் ஓடவிட்டு, சூட்டோடு இறக்குங்கள். காபி நிறம் போகும்வரை திரும்பச் செய்ய வேண்டும், எனக்கு மூன்று முறை ஆனது. கடைசியில் நல்ல ஆயில். பிரேக் டிரம்மையும் திறந்து சேற்றைத் துடைத்துவிடுங்கள். வீல் பேரிங் உடனே ஒன்றும் சொல்லாது, ரெண்டு மாதம் கழித்துக் கரகரக்கும், அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

சேலம்: ஆயில் மாற்றும்போது அடி போல்ட்டு எவ்வளவு இறுக்கினாலும் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது. சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது.

வாங்க, நம்ம ஆள். அடி கேஸ் அலுமினியம், போல்ட்டு இரும்பு, சண்டை வந்தால் யார் ஜெயிப்பார்கள் என்று கேட்கவே வேண்டாம். நானும் ஒழுகக் கூடாது என்று நீளக் கைப்பிடி போட்டு 'இன்னும் ஒரு கால் சுற்று' என்று இறுக்கினேன். திடீரென்று ஸ்பேனர் லேசானது. அந்த லேசு வயிற்றில் வந்து இறங்கியதை இன்னும் மறக்கவில்லை. போல்ட்டைக் கழற்றியபோது மரையில் அலுமினியம் சுருள்சுருளாகச் சுற்றிக்கொண்டு வந்தது. எம்சீல் வைத்து ஓட்டாதீர்கள், நடுரோட்டில் ஆயில் கொட்டிப் பின் டயரில் பட்டால் உயிருக்கே ஆபத்து. லேத் பட்டறையில் ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலாகப் போடும் கம்பிச் சுருள்) போடச் சொல்லுங்கள், அரை மணி நேர வேலை. இனி காப்பர் வாஷரைப் புதிதாகப் போட்டுவிட்டு, சின்ன ஸ்பேனரில் மணிக்கட்டுப் பலத்தில் மட்டும் இறுக்குங்கள்.

நாகர்கோவில்: ஆர்எக்ஸ் 100 முன்னே மாதிரி இழுக்கவில்லை. போர் போட வேண்டும் என்கிறார்கள்.

சிலிண்டரைக் கடைந்து போர் போடுவதற்கு முன்னால் சைலன்சர் வாலில் இருக்கும் ஒரே போல்ட்டைக் கழற்றி, உள்ளே சத்தத்தை அடக்கும் பேஃபிள் குழாயை உருவிப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக் புகையில் உள்ள எண்ணெய் அதில் படிந்து படிந்து தார் மாதிரி அடைத்திருக்கும், வண்டி மூச்சு விட முடியாமல் திணறும். சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டுங்கள். பேஃபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓட்டினால் பிக்கப் கூடும் என்று சொல்லும் பையன்களை நம்பாதீர்கள், தெருவின் தூக்கம்தான் போகும்.

மதுரை: எங்கள் அப்பா ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து பெட்ரோலில் செயின் கழுவுகிறார். சொன்னால் கேட்பதில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.

அப்பா, மகள் சொல்வதுதான் சரி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து மூலையில் இருக்கும் இன்வெர்ட்டர் வரைக்கும் போகும். ஒரு சுவிட்ச் பொறி போதும். மண்ணெண்ணெய் அல்லது டீசல் எடுத்து, ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கழுவுங்கள். இன்னொன்று, என்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, சுற்றுகிற செயினில் துணி பிடிக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். துணி ஸ்புராக்கெட்டில் மாட்டினால் விரலும் கூடவே போகும். சக்கரத்தைக் கையால் சுற்றினாலே போதும்.

புதுக்கோட்டை: தாத்தாவின் பழைய புல்லட், பாயிண்ட் மாடல். உதைத்தால் திருப்பி உதைக்கிறது. கணுக்கால் வீங்கிவிட்டது.

முதலில் காலை ஆற விடுங்கள். ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் பாயிண்டின் இடைவெளி 0.015 இஞ்ச், அதாவது 0.38 மி.மீ. அளவில் இருக்கிறதா பாருங்கள். அதிகமாகத் திறந்திருந்தால் ஸ்பார்க் சீக்கிரமே வந்து பிஸ்டனைத் திருப்பி அடிக்கும். ஸ்பார்க் நேரத்தை முன்னே தள்ளும் அட்வான்ஸ் யூனிட்டின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான்.

அது சரியாக இருந்தால் உதைக்கும் விதம்தான் தப்பு. சாவியைப் போட்டுவிட்டு ஆம்மீட்டரைப் பாருங்கள். கிக்கரைக் கையால் தள்ளுவது போல மெதுவாகக் காலால் அழுத்தினால், மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும் முள் ஓரிடத்தில் நடுவுக்கு வரும், கிக்கரும் அங்கேயே இறுகி நிற்கும். அங்கே சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லிவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சமே கொஞ்சம் இறக்கி, லிவரை விட்டுவிடுங்கள். கிக்கர் முழுசாக மேலே வரட்டும். ஆக்சிலரேட்டரைத் தொடாமல், அரைகுறையாக இல்லாமல் அடி வரைக்கும் ஒரே உதை. தாத்தாவும் இப்படித்தான் எடுத்திருப்பார், வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.