நல்ல கேம், நல்ல கூட்டம். போட்டி மட்டும் வளரவில்லையே, ஏன்? – கேள்வி பதில்

கோடம்பாக்கத்தில் ஒரு கேமிங் சென்டரில் ஞாயிறுதோறும் போட்டி நடத்துகிறேன். மல்டிபிளேயர் ஆட்டங்கள் போட்டிக் களமாக வளராதது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

அண்ணா, ஆட்கள் இருந்தும் ரேங்க் ஆட்டத்துக்கு (தரவரிசைப் புள்ளிக்காக ஆடுவது) பத்து நிமிடம் காத்திருக்கிறேன். ஏன்? (மாணவர், பெரம்பூர்)

கூட்டத்தைக் கூறு போட்டுவிட்டார்கள், தம்பி. இரவு ஒன்பது மணிக்கு 600 பேர் என்று வைத்துக்கொள். ஆறு வகை ஆட்டம், மூன்று சர்வர் (ஆட்டத்தை நடத்தும் மையக் கணினி), ஐந்து தரநிலை. வகுத்துப் பார்த்தால் ஒரு பிரிவுக்கு ஏழு பேர்கூடத் தேறவில்லை. ஐவருக்கு ஐவர் ஆடப் பத்துப் பேர் வேண்டும். அதனால் தரத்தைத் தளர்த்தி, நேற்று வந்தவனைப் பழம் தின்று கொட்டை போட்டவன் முன்னால் நிறுத்துகிறார்கள். மூன்று நாள் அடி வாங்கியவன் நான்காம் நாள் வருவதில்லை. மறுநாள் இன்னும் ஆள் குறைகிறது.

துப்பாக்கி ஆட்டத்தில் சுவருக்குப் பின்னால் போன பிறகும் சாகிறேன். ஏன்? (வேளச்சேரி)

சென்ற மாதம் ஒரு பிளஸ் ஒன் பையன் இதையே சொல்லிக் கண் கலங்கினான். இருவரின் திரைப்பதிவையும் அருகருகே ஓட்டினோம். இவன் திரையில் உடல் முழுவதும் மறைந்திருந்தது. எதிராளியின் திரையில் வலது தோள் இன்னும் வெளியே. சுட்டவன் கண்ட காட்சிக்குச் சர்வர் பின்னோக்கிப் போய்த் தீர்ப்புச் சொல்கிறது. இருவருமே பொய் சொல்லவில்லை.

இரு திரைகளும் வேறுபடக் காரணம், செய்தி போய்ச் சேர ஆகும் தாமதம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். போய்வரவே 32 மில்லிநொடி. நொடிக்கு 64 முறை கணக்கிடும் சர்வர் 15.6 மில்லிநொடிக்கு ஒரு முறைதான் விழிக்கிறது. 2020இல் வந்த வாலரண்ட் என்ற துப்பாக்கி ஆட்டம் அந்த 64ஐ 128 ஆக்கியது சும்மா இல்லை. தனிச் சர்வரே இல்லாமல் ஆடுபவர் ஒருவரின் கணினியையே நடுவராக்கும் கேம்களில் அவருக்கு மட்டும் தாமதமே கிடையாது. அதில் பரிசுப் போட்டி வைக்க நான் சம்மதிப்பதில்லை.

பரிசுப் பணத்தைக் கூட்டினால் போதாதா, சார்? (ஒரு தாய், தாம்பரம்)

போதாது அம்மா. பணம் ஏற்கெனவே இருக்கும் அணிகளை அழைத்து வரும், அணிகளை உருவாக்காது. ஒரு கேமில் நாம் அழைத்தவர்கள் மட்டும் ஆடத் தனி அறை திறக்கும் வசதியே இல்லை. "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணி இரு அணிகளையும் ஒரே கணத்தில் தேடல் பொத்தானை அழுத்தச் சொன்னேன், எதிரெதிரே வந்து சேரட்டும் என்று. ஏழாவது முறைதான் சேர்ந்தார்கள். பார்வையாளராக உள்ளே நுழையவும் வழியில்லை; நாற்காலிக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தோம்.

டைட்டன்ஃபால் 2 அருமையான துப்பாக்கி கேம்தானே, அது ஏன் வளரவில்லை? (அண்ணா நகர்)

அருமைதான். 2016 அக்டோபர் 28இல் வந்தது. அதே வகைப் போட்டி கேம்களில் ஒரு வாரம் முன்னால் பேட்டில்ஃபீல்டு 1, ஒரு வாரம் பின்னால் புதிய கால் ஆஃப் டூட்டி. முதல் மாதக் கூட்டம் அங்கே போய்விட்டது.

அப்படியானால் போட்டிக் களம் எப்படித்தான் உருவாகும்? (மயிலாப்பூர்)

தினமும் அதே முகங்கள் சந்தித்தால். கவுண்டர்-ஸ்டிரைக் என்ற துப்பாக்கி ஆட்டம் 1999இல், வேறொரு கேமை ரசிகர்கள் மாற்றிச் செய்த வடிவமாகத்தான் பிறந்தது. ஆடியவர்களே சர்வர் நடத்தினார்கள். நம் ஊரிலும் ஆனந்த் சிறுவனாகப் போன டால் செஸ் கிளப்பில், அதிவேக ஆட்டத்தில் வென்றவர் அமர்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையில் நிற்பார். இன்றைய கேம்களில் தோற்றவனுக்கு அந்த வரிசை இல்லை. முன்பின் தெரியாத பத்துப் பேர் ஆடிக் கலைகிறார்கள். அதனால்தான் முதல் சுற்றில் தோற்ற அணிகளுக்கும் மாலை வரை ஆட்டம் வைக்கிறேன். போன ஞாயிறு அவர்களில் மூன்று அணிகள் கடை மூடும்வரை கிளம்பவில்லை.