கலிபோர்னியாவில் துணை ஒப்பந்ததாரர் லீன் பதிய எத்தனை நாள் அவகாசம்?

உங்கள் டைல்ஸ் வேலை முடிந்து இரண்டு மாதமாகியும் முதன்மை ஒப்பந்ததாரர் பணம் தராமல் இழுத்தடிக்கிறார். வீட்டின் மீது லீன், அதாவது வராத கூலிக்காகச் சொத்தின் மீது பதியும் உரிமைக்கோரல், பதிய 90 நாள் என்கிறார்களே, அது எந்த நாளிலிருந்து என்று கேட்கிறீர்கள். நான் வழக்கறிஞன் அல்ல. இங்கே ஒரு மின்பணி நிறுவனத்தின் கணக்குகளைப் பார்க்கிறவன்.

அந்த 90 நாள், கட்டுமானம் முழுவதும் முடிந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. உங்கள் பங்கு முடிந்த நாளிலிருந்து அல்ல. வேலை தொடர்ந்து 60 நாள் நின்றுபோனாலும் முடிந்ததாகவே சட்டம் கொள்ளும். ஆனால் உரிமையாளர் கவுண்டிப் பதிவு அலுவலகத்தில் ‘பணி நிறைவு அறிவிப்பு’ பதிந்துவிட்டால், அன்றிலிருந்து உங்களுக்கு 30 நாள்தான். முதன்மை ஒப்பந்ததாரருக்கு மட்டும் 60 நாள். அறிவிப்பின் நகலை 10 நாளுக்குள் உங்களுக்கு அனுப்பாவிட்டால் இந்தக் குறுக்கம் செல்லாது என்றாலும், உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டுக்கு அந்த விதி பொருந்தாது. எனவே தபாலுக்குக் காத்திராமல், பதிவு அலுவலக ஆவணங்களில் நீங்களே தேடிப் பாருங்கள்.

உண்மையில் நான் உங்களிடம் கேட்க விரும்புவது வேறு. ‘இந்த இடத்தில் நான் வேலை செய்கிறேன், பணம் வராவிட்டால் லீன் பதியலாம்’ என்று வேலை தொடங்கிய 20 நாளுக்குள் அனுப்ப வேண்டிய முன்னறிவிப்பை உரிமையாளருக்கும், முதன்மை ஒப்பந்ததாரருக்கும், கடன் கொடுத்த வங்கி இருந்தால் அதற்கும் அனுப்பினீர்களா? தாமதமாக அனுப்பினாலும் அதற்கு முந்தைய 20 நாள் வேலைக்கும் பிந்தைய வேலைக்கும் உரிமை உண்டு. நீங்களோ முடித்து இரண்டு மாதமாகிறது. இதுவரை அனுப்பவில்லை என்றால், இப்போது அனுப்பினாலும் அந்த 20 நாளில் உங்கள் வேலையே இருக்காது. லீன் வழி அடைபட்டதுதான். பிறகு ஒப்பந்த மீறலுக்காக முதன்மை ஒப்பந்ததாரர் மீது வழக்குப் போடலாம், அதுவும் உங்களிடம் மாநில உரிமம் இருந்தால்.

நம்மவர்கள் பலர் இந்தக் கடிதத்தை அனுப்பக் கூச்சப்படுகிறார்கள், ஒப்பந்ததாரர் முகம் சுளிப்பாராம். பெரிய நிறுவனங்கள் முதல் நாளே அனுப்பிவிடுகின்றன, யாரும் சுளிப்பதில்லை.

முன்னறிவிப்பு அனுப்பிய தபால் ரசீது உங்களிடம் இருக்கிறது என்றால், லீன் ஆவணத்தின் நகலை உரிமையாளருக்குச் சான்றஞ்சலில் அனுப்பி, அனுப்பியதற்கான உறுதிமொழியையும் சேர்த்து உடனே பதியுங்கள். பதிந்துவிட்டால் அந்தச் சொத்துக்கு வில்லங்கம். விற்பதும் மறுகடன் வாங்குவதும் சிக்கலாகும். அந்தத் தெம்பில் தூங்கிவிடாதீர்கள். பதிந்த 90 நாளுக்குள் அதை நிறைவேற்றக் கோரி வழக்குத் தொடராவிட்டால் லீன் செல்லாக்காசு.

இடையில் சமரசத்துக்கு வந்து, காசோலையை நீட்டி, லீன் உரிமையை அப்போதே விட்டுக்கொடுக்கும் நிபந்தனையற்ற உரிமைத் துறப்புப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். காசோலை பணமாகும்வரை, பணம் வந்தால் மட்டுமே செல்லுபடியாகும் நிபந்தனையுள்ள படிவம் மட்டும் கொடுங்கள். இரண்டின் வாசகமும் சட்டத்திலேயே உள்ளது.