ஒரு மரபணு கெட்டால் மற்றவை ஏன் அடங்கிப்போகின்றன?

கேள்வி: “அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) ஹண்டிங்டன் நோய். கெட்டது ஒரே மரபணு என்கிறார்கள். மூளை செல்களில் நூற்றுக்கணக்கான மரபணுக்களின் வேலை மாறிவிடுகிறது என்றும் படித்தேன். எப்படி?”

காரைக்குடிக்காரர் என்பதால் நம்மூர் வீட்டை வைத்தே சொல்கிறேன். ஒவ்வொரு செல்லும் ஒரு செட்டிநாட்டு வீடு. மரபணுக்கள்தான் அறைகள்; அவை எல்லா வீட்டிலும் ஒன்றுதான். எது திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்பதில்தான் நரம்பு செல்லும் தோல் செல்லும் வேறுபடுகின்றன.

இந்த நோயில் கெட்டுப்போவது ஹண்டிங்டின் என்ற புரதத்துக்கான மரபணு. அது 4-ஆம் குரோமோசோமில் இருக்கிறது, 1993-இல் கண்டுபிடித்தார்கள். அதில் சி-ஏ-ஜி என்ற எழுத்துத் தொடர் 40 தடவையோ அதற்கு மேலோ திரும்பத் திரும்ப வந்தால் நோய் வரும். அப்படி நீண்டுபோன புரதத்தின் துண்டுகள் செல்லின் உட்கருவுக்குள் கட்டிகட்டியாகச் சேர்ந்து, மரபணுக்களைத் திறந்துவிடும் சிபிபி போன்ற புரதங்களையும் சிக்கவைக்கின்றன. சாவிக்கொத்தோடு ஆச்சியே மாட்டிக்கொண்ட மாதிரி.

அப்புறம், ரெஸ்ட் என்று ஒரு புரதம். அது பூட்டுப் போடுகிற ஆள். நல்ல ஹண்டிங்டின் அதை உட்கருவுக்கு வெளியே, முகப்புத் திண்ணையிலேயே உட்கார வைத்திருக்கும். கெட்டுப்போன ஹண்டிங்டினால் அது முடிவதில்லை. ரெஸ்ட் உள்ளே போய்ப் பிடிஎன்எஃப் மரபணுவைப் பூட்டிவிடுகிறது. அந்த மரபணு தருவது, பெருமூளைப் புறணியில் (மூளையின் மேலடுக்கில்) தயாராகி, அசைவுகளைக் கவனிக்கும் ஸ்ட்ரையேட்டம் என்ற உள்பகுதிக்குப் போகும் ஊட்டப் புரதம். வரத்து குறைந்தால் அங்குள்ள செல்கள் நலிகின்றன. நம் பேச்சைக் கேட்காமல் கை கால் ஆடுவதும் அந்தப் பகுதி பழுதாவதால்தான்.

சரி, நீங்கள் கேட்காத ஒன்று: உங்களுக்கும் அந்த மரபணு வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆனால் அவசரப்படாதீர்கள், முதலில் மரபியல் ஆலோசகரிடம் பேசுங்கள்.